தியோடர் அங்கிளின் இடது தொடை

சட்டசபை கூடுகிற விதான சவுதாவின் தூண்களில் ஒன்றை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் அரசாங்கம் கவலைப்படவே வேண்டாம். அந்த இடத்தில் எங்கள் தியோடர் அங்கிளின் இடது தொடையை நிறுத்திவிடலாம். மேலே உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குலுங்கல்கூடத் தெரியாது. அந்தத் தொடையை முட்டுக்கொடுத்துத்தான் அவர் ஒருமுறை மெட்ரோ ரயிலை நிறுத்தினார். அல்சூர் ஏரியை ஒரே எட்டில் தாண்டினார். இவ்வளவும் பச்சைப்பயறு தின்ற பலம். காம்பவுண்டுப் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நாலாவது படிக்கும் இரண்டு பேர் இன்னமும் நம்புகிறார்கள்.

உண்மையில் பிப்ரவரி மாதம் அந்தத் தொடையின் சுற்றளவு பதினாறு அங்குலம். டெய்லர் டேப்பை வைத்து அளந்தது நான்தான். கணக்கில் இரண்டு தடவை பெயில் ஆனவள் என்றாலும் பதினாறு வரைக்கும் எனக்கு ஒழுங்காக எண்ணத் தெரியும். "மறுபடி அள" என்றார். மறுபடி அளந்தேன். பதினாறுதான். டேப்பைப் பிடுங்கி அவரே அளந்தார். பதினைந்தே முக்கால் வந்தது. டேப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அல்சூரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். முதல் வீடு எங்களுடையது, மூன்றாவது வீடு அவருடையது. வயது நாற்பத்தொன்பது. தொம்மலூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் வேலை: பம்பு, பல்பு, ஏசி, ஒழுகுகிற குழாய். மனைவி மௌரீன் ஆன்ட்டி நர்சரி பள்ளியில் டீச்சர். அங்கிளால் சும்மா உட்கார முடியாது. சோற்றை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். பூசையில் பிரசங்கம் நீண்டால் மெதுவாக நழுவி, வெளியே கோணலாக நிற்கிற வண்டிகளையெல்லாம் நேராக நிறுத்திவிட்டு வருவார். எங்கள் சாமியார் அதைப் பார்த்துத்தான் பிரசங்கத்தை முடிக்கிறார் என்று சொல்லுவார்கள். வண்டிகள் எல்லாம் நேராகிவிட்டால் நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தமாம்.

அப்படிப்பட்ட ஆளை ஜனவரியில் டைபாய்டு வந்து படுக்கப் போட்டது. இருபத்தாறு நாள். பதினொரு கிலோ காணாமல் போனது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்காமல் கண் செருகிக்கொண்டபோது மௌரீன் ஆன்ட்டி மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தார்: இவர் பிழைத்து எழுந்தால் ஒரு வருடத்துக்குக் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டார். கவனியுங்கள், வேண்டிக்கொண்டது ஆன்ட்டி; தொடாமல் இருக்க வேண்டியது அங்கிள். அவர் ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி வறுவலுக்காகவே வாரத்தின் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொள்கிற மனிதர். கண் விழித்து விஷயத்தைக் கேட்டதும், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மௌரீன்" என்றாராம். பால் குடிக்கலாம் என்று ஆன்ட்டி சலுகை கொடுத்தார். ஆனால் டைபாய்டுக்குப் பிறகு அங்கிளுக்கும் பாலுக்கும் ஒத்துவரவில்லை. அதன் விளைவைக் காம்பவுண்டு முழுக்க அறியும்.

கறி போனதுகூட அவருக்குப் பெரிய துக்கம் இல்லை. துக்கம் சப்பரம்.

செப்டம்பர் எட்டாம் தேதி எங்கள் கோயிலில் மாதா திருவிழா. மாதா சொரூபத்தை வைத்த சப்பரத்தை இரண்டு நீளக் கழிகளில் எட்டுப் பேர் தோளில் சுமந்து ஏழு தெரு சுற்றி வருவார்கள். இருபத்திரண்டு வருடமாக முன் இடது மூலை தியோடர் அங்கிளுடையது. எல்லா முனையிலும் சப்பரம் இடது பக்கமாகத்தான் திரும்பும். அப்போது பாரம் மொத்தமும் அந்த மூலைக்கு வந்து இறங்கும். அங்கே நிற்கிறவனின் தொடை நடுங்கினால் மாதா சாய்ந்துவிடுவார். சுமக்க முடியாதவன் "மாத்து" என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிற மாற்று ஆள் தோள் கொடுப்பான். அதுதான் வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அங்கிள் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நெற்றியில் பட்டம் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஊருக்கே தெரியும்.

இப்போது அதே தொடை பதினாறு அங்குலம். மூலைக்கு லாயிட் தயாராக இருந்தான். இருபத்து நாலு வயது, ஜிம் உடம்பு, காலையில் ஆறு முட்டை, டப்பா டப்பாவாகப் பவுடர். நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

கறியும் முட்டையும் பாலும் இல்லாமல் சதை எங்கிருந்து வரும்? பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள், ஒவ்வொன்றிலும் ஆட்டுக்கால் இருந்தது. கடைசியில் பதில் தொம்மலூர் ஆபீஸில் கிடைத்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் பையன் பட்டாணியிலிருந்து எடுத்த புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட்டை மாற்றப் போன அங்கிள் ஏணியிலிருந்தே விசாரித்திருக்கிறார். உடம்பு எத்தனை கிலோவோ அதைப்போல ஒன்றரை மடங்கு கிராம் புரோட்டீன் ஒரு நாளைக்கு வேண்டும் என்றானாம் அவன். பயறிலும் கடலையிலும் சோயாவிலும் அது இருக்கிறது, ஒன்றையே தின்னாமல் தானியத்தோடு கலந்து தின்ன வேண்டும், தின்றால் மட்டும் போதாது, சதைக்கு வேலை கொடுத்தால்தான் தின்றதை அது வாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னான். டாக்டரிடம் போய்க் கேட்டார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, செய்யுங்கள் என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கு எண்பத்தேழு கிராம். அந்தக் கணக்கைப் போட்டது நான். என் வாழ்க்கையில் சரியாக வந்த முதல் கணக்கு அது.

அன்றிலிருந்து மூன்றாவது வீட்டில் எதுவுமே காய்ந்து கிடக்கவில்லை. வாளியில் பயறு, குண்டானில் கொள்ளு, ஆன்ட்டியின் பூச்சாடியில் அவரைக்கொட்டை, எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு இரண்டு கை. பதினொரு மணிக்கு வேகவைத்த வேர்க்கடலை. மத்தியானம் ராகி முத்தை என்கிற களி உருண்டையும் கெட்டியாகக் கொள்ளுச் சாறும். சாயங்காலம் சோயா உருண்டை வறுவல். பன்றிக்கறிக்குப் போடுகிற அதே மசாலாவில், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். முதல் மாதம் அவர் வயிறு செய்த சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, காம்பவுண்டு கேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கேஸ் வண்டி வந்த நேரம் பார்த்துப் போட்டுவிட்டேன். கேஸ்காரர் சிலிண்டரை அப்படியே வைத்துவிட்டு நாலடி பின்வாங்கினார். அதற்குப் பிறகு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று ஆன்ட்டி எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தார். பாதி அடங்கியது. மீதிப் பாதியோடு நாங்கள் வாழப் பழகிக்கொண்டோம்.

அல்சூர் மார்க்கெட்டில் பயறு விற்கிற பெரியவருக்கு ஹொசகோட்டே பக்கம் நிலம் இருக்கிறது. கொள்ளுக்கு இரண்டு மழை போதும், உரம் வேண்டாம், கொள்ளு போட்ட மண்ணில் அடுத்து ராகி போட்டால் தானாக வரும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அங்கிளுக்குத் தாங்கவில்லை. ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு தண்ணீர், ஒரு கிலோ கொள்ளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று, கேன் தண்ணீருக்குக் காத்து நிற்கிற எங்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பிரசங்கம். கறி தின்ன முடியாத வயிற்றெரிச்சலில் பூமியைக் காப்பாற்றுகிறார் என்று நான் சொன்னேன். "எதுல ஆரம்பிச்சா இன்னா, காப்பாத்துனா சரி" என்றார்.

சதைக்கு வேலை கொடுக்க, ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி இடது தோளில் வைத்துக் காம்பவுண்டைச் சுற்றுவார். முதல் வாரம் அரைக் கேன். பிறகு முக்கால். ஏப்ரலில் முழுக் கேன். நடுநடுவே நின்று கழியோடு பஸ்கி எடுப்பார். லாயிட் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னான்: "அங்கிள், பயறு துன்னா புறா பலம்தான் வரும்."

அங்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு, "புறா எங்கடா உக்காந்துனு கீது?" என்று கேட்டார்.

லாயிட் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

"நீ எங்க நிக்கிறே?"

லாயிட் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்டில் தொடை பதினெட்டரை. இருபத்திரண்டு வருடம் சப்பரம் சுமந்த தொடை இருபது அங்குலமாவது இருந்திருக்கும் என்பார். நாள் நெருங்க நெருங்க அவரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கும்போதே நடப்பார், நானும் டேப்போடு கூடவே ஓட வேண்டும்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

சப்பரக் குழுவுக்குச் செயலாளர் உமேஷ் அங்கிள். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. போனில் கன்னடத்தை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவார். சுமக்கிறவர்கள் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இந்த வருடம் புதிதாக ஒரு ஏற்பாடு. ஆகஸ்ட் மத்தியில் ஒரு சாயங்காலம் அங்கிள் கேன் கழியோடு சுற்றிக்கொண்டிருந்தார். துணி துவைக்கிற கல்லின் மேல் கிடந்த போன் சிணுங்கியது. யார் என்று பார்க்கச் சொன்னார். உமேஷ் அங்கிள்தான். 'ஹெசரு கள்சி. நாளே லாஸ்ட்.' பெயரை அனுப்பு, நாளைக்குக் கடைசி நாள்.

கன்னடத்தில் ஹெசரு என்றால் பெயர். ஹெசருகாளு என்றால் பச்சைப்பயறு. இந்த ஊரில் மூன்று வேளையும் பயறு தின்கிற ஒருவருக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்து, அதைப் படிக்கிற வேலை என் கையில் கிடைத்தால் நான் என்ன செய்வேன்?

"ஹெசருகாளு அனுப்பச் சொல்றாரு அங்கிள். நாளைக்குள்ள வேணுமாம்."

கழி தோளில் இருக்க, அவர் நின்றார். வழக்கமாக நிற்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு, "எவ்வளவு வேணுமாம்?" என்று கேட்டார்.

அரைக் கிலோ போதும் என்றேன்.

முளைகட்டிய பயறை ஈரத்துணியில் கட்டி எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். உமேஷ் அங்கிள் தலையில் அடித்துக்கொண்டு 'பேரைக் கேட்டா பயறா?' என்று கேட்பார், இவர் திரும்பி வந்து என்னைத் துரத்துவார், நான் மாடிப்படியில் ஏறிக்கொள்வேன் என்று காத்திருந்தேன். அவர் அமைதியாகத் திரும்பி வந்தார். உமேஷ் வெளியே போயிருக்கிறார், அவர் மனைவி பிரிஜெட் வாங்கிக்கொண்டார், ரொம்ப சந்தோஷம் என்று சொல்லச் சொன்னார் என்றார். காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப்பட்டியல் வந்துவிட்டது. முன் இடது: லாயிட். எட்டுப் பெயரில் எங்கும் தியோடர் இல்லை.

மறுநாள் முதல் மூன்றாவது வீட்டில் வாளி கவிழ்ந்து கிடந்தது. கழி சுவரில் சாய்ந்து நின்றது. அவர் மட்டும் எங்கும் சாயவில்லை. கெட்டுப்போகாத மோட்டாரைக் கழற்றி மாட்டினார். என்னுடைய சைக்கிளுக்குப் பெல் இல்லை என்று எங்கிருந்தோ பெல் கொண்டுவந்து பூட்டினார், அதுவும் இரண்டு பெல்லாக. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பன்றிக்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆன்ட்டி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "வேண்டுதல் உன்னுது, வாய் என்னுது" என்று அவர் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஆன்ட்டி உள்ளே போய், கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி, அதில் பயறைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் உமேஷ் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது பிரிஜெட் ஆன்ட்டி. பயறு மீதம் இருக்கிறது, இன்றைக்கும் சுண்டல் மாதிரி உசிலி போட்டேன் என்று என்னை உட்காரவைத்து ஒரு தட்டு கொடுத்தார். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை, அதனால் சாப்பிட்டேன். பச்சை மிளகாய்க் காரத்தில் எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தக் கண்ணீரோடுதான் உமேஷ் அங்கிளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. தியோடர் பெயர் கொடுக்கவில்லை, உடம்பு முடியவில்லை போல, கேட்டால் புண்படுவார் என்று விட்டுவிட்டேன் என்றார் அவர். பெயரை மாற்ற அடுத்த ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கிறதாம். ஆனால் அன்றைய ஒத்திகைக்கு வந்து தூக்கிக் காட்ட வேண்டும், மாதா விஷயத்தில் பாவம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் வந்தது தியோடர் அங்கிளுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். தியோடர் அங்கிளிடம், ஒத்திகைக்கு ஆள் குறைகிறதாம், உங்களையும் வரச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கோயில் வளாகம். சொரூபத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிய சப்பரம். வளாகத்தை மூன்று சுற்று வர வேண்டும். உமேஷ் அங்கிள் லாயிடை மாற்று ஆளாகப் பின்னால் நிறுத்திவிட்டு, முன் இடது மூலையைக் காட்டி, "தியோ, பா" என்று கன்னடத்தில் கூப்பிட்டார்.

தூக்கினார்கள். முதல் சுற்றில் அவர் வேட்டிக்குக் கீழே ஆடுசதை இறுகி இறுகி விடுவது மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் கழுத்து நரம்பு. திருப்பத்தில் பாரம் அவர் பக்கம் இறங்கியபோது மௌரீன் ஆன்ட்டி என் தோளைப் பிடித்தார், நகம் பதிந்தது. மாதா நின்றிருந்தால் நேராகத்தான் நின்றிருப்பார். மூன்றாவது சுற்றில், மாதா கெபிக் குகையின் பக்கத்துத் திருப்பத்துக்குப் பத்தடி முன்னால், இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. எல்லாரும் பார்த்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் அதைத்தானே செய்தார்.

"மாத்து" என்றார்.

லாயிட் தோள் கொடுத்தான். சப்பரம் ஒரு விரல்கூடச் சாயவில்லை. அங்கிள் வெளியே வந்து, குனிந்து, முழங்காலில் கை வைத்து நின்றார். இறக்கி வைத்த பிறகு உமேஷ் அங்கிள் பட்டியலை எடுத்து எழுதினார்: முதல் நாலு தெரு தியோடர், மீதி மூன்று லாயிட். சாய்கிறதுக்கு முன்னால் சொல்லத் தெரிந்த ஆள்தான் அந்த மூலைக்கு வேண்டும் என்று லாயிடுக்குச் சொல்லுகிற மாதிரி எல்லாருக்கும் சொன்னார். லாயிட் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அங்கிளிடம் நீட்டினான். சோயா வறுவலை அந்த மசாலாவில் எப்படிச் செய்வது என்று கேட்டான். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. ஆன்ட்டி நிஜம் என்று எடுத்துக்கொண்டு அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நானும் அங்கிளும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தோம். ஜெயித்ததற்கு எனக்கு என்ன தருவீர்கள், கணக்குப் போட்டவள் நான்தானே என்று கேட்டேன். வழியில் கோணலாக நின்ற ஒரு வண்டியை நேராக நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நான் ஏழாவது வரைக்கும் கன்னட மீடியம்டீ."

நான் சைக்கிள் பெல்லை அடித்தேன். எதற்கென்று தெரியவில்லை.

"போனை நான் அன்னைக்கே எடுத்துப் பார்த்துட்டேன். பேரு கேக்குறான்னு தெரியும். தெரிஞ்சுதான் பயறைக் கட்டினு போனேன்."

"அப்போ ஏன் பேரு குடுக்கலை?"

"பயம்டீ. நடுத்தெருவுல அம்மா சாஞ்சிட்டா இன்னா பண்றது? நீ ஒரு சாக்கு குடுத்தே. நான் எடுத்துக்கினேன்." கொஞ்சம் நின்றார். "அத்த விடு. நீ இன்னாத்துக்கு உமேஷ் வீட்டுக்குப் போனே?"

நான் போகவில்லை என்றேன். சும்மா அந்தப் பக்கம் போனபோது பிரிஜெட் ஆன்ட்டிதான் கூப்பிட்டு உசிலி கொடுத்தார் என்றேன்.

"ரெண்டு தட்டு துன்னியாம். துன்னுனே அழுதியாம்."

"ஒரு தட்டுதான். அழலை. மிளகாய்க் காரம்."

"பிரிஜெட்டுக்கு அல்சர்டீ. அவங்க வீட்டுல மிளகாய் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு."